காபிக்காரர்கள் சேர்த்த சங்கம்

விடிவதற்கு முன்பே மாரிகுப்பம் இரயில் நிலையத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள். கையில் சாப்பாட்டுத் தூக்கு. ஒரு வாய் சூடாகக் காபி குடித்துவிட்டு இரயில் ஏறுகிறவர்கள் பலர். சுரங்கம் ஓடிய காலத்திலும் அப்படித்தான். சங்கு ஊதுவதற்கு முன் லைன் வீடுகளில் அடுப்பு எரியும். காபித்தண்ணீர் கொதிக்கும்.

ஆனால் தங்கவயலில் காபி விளையாது. கோலார் மாவட்டத்து மண் செம்மண். மழை குறைவு. இங்கே ராகி விளையும், தக்காளி விளையும், மல்பெரி விளையும். காபிச் செடிக்கு மலை வேண்டும், நிழல் வேண்டும், நிறைய மழை வேண்டும். அது சிக்கமகளூரிலும், குடகிலும், ஹாசனிலும் விளைகிறது. தங்கவயலில் இருந்து சிக்கமகளூர் 300 கிலோமீட்டருக்கு மேல். இந்தியாவில் விளையும் காபியில் பத்தில் ஏழு பங்கு கர்நாடகத்து மலைகளில்தான் விளைகிறது.

காபித் தோட்டம் என்றதும் என்ன நினைவுக்கு வரும்? பெரிய பங்களா. குதிரையில் வரும் துரை. நூற்றுக்கணக்கான ஏக்கர். அப்படிப்பட்ட தோட்டங்களும் உண்டு. ஆனால் நாட்டில் காபி பயிரிடும் நூறு பேரில் 98 பேருக்கு மேல் சிறு விவசாயிகள். காபி வாரியக் கணக்கில் 25 ஏக்கருக்குக் குறைவாக வைத்திருப்பவர் சிறு விவசாயி. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருப்பவர்கள் ஏராளம். அவர்கள் கதைதான் இது.

ஏழு விதைகள்

காபி நம் நாட்டுச் செடி அல்ல. அதன் தாய்நாடு ஆப்பிரிக்காவில் உள்ள எத்தியோப்பியா. அங்கிருந்து கடல் தாண்டி ஏமன் நாட்டுக்கு வந்தது. ஏமன் வியாபாரிகள் காபிக் கொட்டையை உலகுக்கு விற்றார்கள். ஆனால் முளைக்கும் விதையை வெளியே விடவில்லை. விதை போனால் வியாபாரம் போய்விடும் அல்லவா?

17-ஆம் நூற்றாண்டில் பாபா புடன் என்ற சூஃபி பெரியவர் மெக்காவுக்குப் புனிதப் பயணம் போனார். திரும்பும்போது ஏமனில் இருந்து ஏழு காபி விதைகளை மறைத்துக் கொண்டுவந்தார் என்று சொல்கிறார்கள். அவற்றைச் சிக்கமகளூருக்கு அருகே சந்திரகிரி மலையில் நட்டாராம். அந்த மலைத் தொடருக்கு இன்று பாபாபுடன்கிரி என்று பெயர். இந்துக்களும் முஸ்லிம்களும் அந்த மலைக்குப் போகிறார்கள்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் வெள்ளைக்காரர்கள் காபியைப் பெருந்தோட்டப் பயிராக மாற்றினார்கள். இலங்கையில் மலைக்காடுகளை வெட்டிக் காபி நட்டார்கள். அங்கே வேலை செய்யத் தமிழ்நாட்டில் இருந்து கங்காணிகள் ஆள் பிடித்துக் கொண்டு போனார்கள். காட்டு வழியாக நடந்தே போனார்கள் அந்த மக்கள். வழியிலேயே செத்தவர்கள் பலர். தேயிலைக்காக இலங்கை போனவர்கள் என்றுதான் இன்று பலர் நினைக்கிறார்கள். முதலில் போனது காபிக்காகத்தான்.

1869-இல் இலங்கைக் காபிச் செடிகளுக்கு ஒரு நோய் வந்தது. இலையின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் பொடி படியும். இரும்பில் துரு பிடித்தது போல் இருக்கும். அதனால் இலைத்துரு நோய் என்று பெயர். சில ஆண்டுகளில் இலங்கையில் காபி அழிந்தது. அந்த இடத்தில் தேயிலை வந்தது. இந்தியாவிலும் இந்த நோய் பரவியது. ஆனால் இங்கே நிழல் மரங்களுக்கு அடியில் பயிர் செய்த தோட்டங்கள் பல தப்பிப் பிழைத்தன. நோயைத் தாங்கும் செடிகளைத் தேடும் வேலையும் தொடங்கியது. 1925-இல் சிக்கமகளூர் மாவட்டத்து பாளேஹொன்னூரில் காபி ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. இன்றும் அது நடக்கிறது.

பூவில் இருந்து மூட்டை வரை

மார்ச், ஏப்ரலில் மலையில் ஒரு மழை பெய்ய வேண்டும். அதைப் பூ மழை என்பார்கள். அந்த மழை பெய்த பத்து நாளில் தோட்டம் முழுவதும் வெள்ளையாகப் பூக்கும். மல்லிகை போல வாசம் வீசும். இரண்டு மூன்று நாள்தான். பிறகு பூ உதிர்ந்துவிடும். அந்த மழை தவறினால் அந்த ஆண்டு வருமானமும் தவறும்.

காபியில் இரண்டு முக்கிய வகை உண்டு. ஒன்று அராபிகா. வாசம் மிகுந்தது, விலையும் கூடுதல். ஆனால் நோய்க்கும் பூச்சிக்கும் எளிதில் ஆளாகும். தண்டைத் துளைக்கும் வண்டு ஒன்று அராபிகாவின் பெரிய பகைவன். அது புகுந்த செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. இன்னொன்று ரொபஸ்டா. கசப்பு அதிகம். உடல் வலு உள்ள செடி. தாழ்ந்த மலையிலும் வளரும்.

பூத்து எட்டு ஒன்பது மாதத்தில் அராபிகா பழுக்கும். நவம்பரில் பறிப்பு தொடங்கும். ரொபஸ்டா பழுக்க இன்னும் கொஞ்சம் நாளாகும். ஒரே கிளையில் பச்சைக் காயும் இருக்கும், சிவந்த பழமும் இருக்கும். நல்ல காபி வேண்டுமானால் சிவந்த பழத்தை மட்டும் பறிக்க வேண்டும். பத்து நாள் கழித்து மீண்டும் அதே செடிக்கு வரவேண்டும். இப்படி மூன்று நான்கு முறை. பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கிளையோடு உருவிப் போட்டால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் காயும் பழமும் கலந்து தரம் கெடும்.

பழத்துக்குள் பொதுவாக இரண்டு கொட்டைகள் இருக்கும். ஒரு பக்கம் தட்டையாக, முகத்தோடு முகம் ஒட்டி இருக்கும். சில பழங்களில் ஒரே ஒரு கொட்டை உருண்டையாக இருக்கும். காபிக்கடையில் ‘பீபரி’ என்று கேட்டு வாங்குகிறார்களே, அது இந்த ஒற்றைக் கொட்டைதான்.

பழத்தை அப்படியே வெயிலில் உலர்த்தலாம். இதைச் செர்ரி என்பார்கள். அல்லது அன்றைக்கே இயந்திரத்தில் தோலை நீக்கி, ஊறவைத்து, கழுவி, உலர்த்தலாம். இதைப் பார்ச்மெண்ட் என்பார்கள். பார்ச்மெண்டுக்கு விலை கூடுதல். ஆனால் அதற்கு இயந்திரம் வேண்டும், தண்ணீர் வேண்டும், சிமெண்டுக் களம் வேண்டும். இரண்டு ஏக்கர்க்காரர் இதையெல்லாம் எப்படித் தனியாக வாங்குவார்? எனவே அவர் செர்ரியாகவே உலர்த்தி விற்கிறார். ஏறக்குறைய ஐந்தாறு கிலோ பழம் பறித்தால்தான் ஒரு கிலோ சுத்தமான கொட்டை கிடைக்கும்.

ஒரு மூட்டையில் எத்தனை கிலோ?

இங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். அவசரப்படாமல் படியுங்கள்.

உலர்ந்த செர்ரியை விவசாயி 50 கிலோ மூட்டையாக விற்கிறார். ஆனால் அந்த 50 கிலோவில் தோலும் இருக்கிறது. தோலை உடைத்தால் உள்ளே எத்தனை கிலோ கொட்டை தேறும்? அதற்குத்தான் விலை. இப்படித் தேறும் எடையை ‘அவுட்டர்ன்’ என்று சொல்கிறார்கள். நன்றாகப் பழுத்து, நன்றாகக் காய்ந்த ரொபஸ்டா என்றால் 50 கிலோ மூட்டையில் பாதிக்குச் சற்று மேலே தேறும்.

வியாபாரி மூட்டையில் இருந்து ஒரு பிடி மாதிரி எடுப்பார். தோலை உடைப்பார். எடை போடுவார். ஈரம் எவ்வளவு என்று ஒரு சிறு கருவியில் பார்ப்பார். பிறகு ஒரு சீட்டில் எழுதுவார்.

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். உண்மையில் தேறுவது 28 கிலோ. வியாபாரி எழுதியது 26 கிலோ. ஒரு கிலோ கொட்டைக்கு 200 ரூபாய் விலை. அப்படியானால் ஒரு மூட்டைக்கு 5,600 ரூபாய் வர வேண்டும். வருவதோ 5,200 ரூபாய். மூட்டைக்கு 400 ரூபாய் குறைகிறது. முப்பது மூட்டைக்கு? 12,000 ரூபாய். ஒரு குடும்பத்தின் பல மாத அரிசி அது.

விவசாயிக்குச் சீட்டைப் படிக்கத் தெரியாவிட்டால் இந்த 12,000 ரூபாய் போனதே அவருக்குத் தெரியாது. படிக்கத் தெரிந்தாலும் வேறொரு சிக்கல் உண்டு. பல வீடுகளில் மழைக்காலத்திலேயே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். பிள்ளையின் படிப்பு, ஒரு கல்யாணம், உர மூட்டை, மருத்துவச் செலவு. எதற்காகவோ வாங்கியாயிற்று. அறுவடை ஆனதும் சரக்கு அவர் கிடங்குக்குத்தான் போக வேண்டும். விலை ஏறும் வரை காத்திருக்க முடியாது. வேறு ஆளிடம் கேட்கவும் முடியாது.

கோலார் மாவட்டத்தில் மாடு வைத்திருப்பவர்களுக்கு இது புதிய விஷயம் அல்ல. முன்பு பால்காரர் ஊற்றும் அளவுதான் அளவு, கொடுக்கும் காசுதான் காசு. கிராமத்தில் பால் கூட்டுறவுச் சங்கம் வந்தது. ஒவ்வொருவர் பாலும் கொழுப்புச் சோதனைக்குப் போனது. அளவும் தரமும் புத்தகத்தில் எழுதப்பட்டன. அந்தப் பால்தான் இன்று நந்தினி உறையில் தங்கவயல் கடைகளுக்கும் வருகிறது. பாலுக்குக் கொழுப்பு எப்படியோ, காபிக்கு அவுட்டர்ன் அப்படி. யார் சோதிக்கிறார், யார் கண் முன்னால் சோதிக்கிறார் என்பதுதான் கேள்வி.

வாரியம் வாங்கிய காலம்

1942-இல் இந்தியாவில் காபிச் சட்டம் வந்தது. அப்போது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஐரோப்பாவுக்குக் கப்பல் போகவில்லை. காபி தேங்கிக் கிடந்தது. விவசாயிகளைக் காப்பாற்றக் காபி வாரியம் எல்லாக் காபியையும் தானே வாங்கிக்கொண்டது. ஏலத்தில் விற்றது. பணத்தைத் தவணை தவணையாகக் கொடுத்தது. இந்த ஏற்பாடு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

இதில் நன்மையும் இருந்தது, குறையும் இருந்தது. சிறியவரின் சரக்கும் பெரியவரின் சரக்கும் ஒரே இடத்துக்குப் போயின. வாங்க ஆள் இல்லையே என்ற பயம் இல்லை. ஆனால் முழுப் பணம் கைக்கு வர வெகுகாலம் ஆகும். தவணைக்குக் காத்திருக்க முடியாதவர் மறுபடியும் கடன்காரரிடம்தான் போனார். விவசாயிகளே இந்த முறை வேண்டாம் என்று கேட்டார்கள். 1992 முதல் படிப்படியாக மாறி, 1996-இல் காபி விற்பனை முழுவதும் தனியார் சந்தைக்கு வந்தது.

உலகத்திலும் அப்படித்தான் நடந்தது. காபி விற்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் 1962-இல் ஓர் ஒப்பந்தம் செய்திருந்தன. எந்த நாடு எவ்வளவு விற்கலாம் என்று அதில் அளவு வைத்தார்கள். 1989-இல் அந்த அளவுமுறை முறிந்தது. விலை சரிந்தது. 1994-இல் பிரேசில் நாட்டில் உறைபனி விழுந்து செடிகள் கருகின. உடனே விலை வானத்துக்குப் போனது. குடகில் பலர் அந்தப் பணத்தில் வீடு கட்டினார்கள். பிறகு மீண்டும் சரிவு. 2001-இல் உலகக் காபி விலை பல பத்தாண்டுகளில் இல்லாத அளவுக்கு விழுந்தது. கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்டதும் அதே 2001-இல்தான், பிப்ரவரி 28-ஆம் தேதி. இங்கே சுரங்கத் தொழிலாளர் வேலை இழந்தார்கள். அங்கே மலையில் பழம் பறிக்கும் கூலிக்குக் கூடக் காபி விலை கட்டவில்லை என்று செடியிலேயே விட்டவர்கள் உண்டு.

கடலுக்கு அப்பால்

காபி விவசாயிகள் சங்கம் சேர்ந்ததில் உலகுக்கு முன்னோடி தென் அமெரிக்காவில் உள்ள கொலம்பியா. அங்கே பேசுவது ஸ்பானிய மொழி. காபி விளையும் பகுதிகள் செங்குத்தான மலைகள். மூட்டைகளைக் கோவேறு கழுதை மேல் ஏற்றி இறக்குவார்கள். காபி பயிரிடும் குடும்பங்கள் அங்கே ஐந்து இலட்சத்துக்கு மேல். பெரும்பாலோர் சிறு நிலம் உடையவர்கள். மலை மலையாக அமைந்த அந்தக் காபி ஊர்களை 2011-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. வீடுகளும், தோட்டங்களும், அம்மக்கள் வாழும் முறையும் சேர்ந்துதான் அந்தப் பாரம்பரியம்.

1927-இல் கொலம்பியக் காபி விவசாயிகள் ஒரு கூட்டமைப்பை உண்டாக்கினார்கள். அது ஒரு வாக்குறுதி தந்தது. விவசாயி எந்த நாளில் காபியைக் கொண்டுவந்தாலும், அன்றைய விலைக்கு, ரொக்கப் பணம் கொடுத்து வாங்கிக்கொள்வோம் என்றது. அந்த விலை எல்லோருக்கும் தெரியும்படி அறிவிக்கப்படும். வெளி வியாபாரிக்கு விற்கவும் விவசாயிக்கு உரிமை உண்டு. ஆனால் சங்கத்தின் விலை தெரிந்த பிறகு, வியாபாரி அதற்குக் கீழே கேட்பது கடினம். தவணைக்குக் காத்திருக்கும் தொல்லை இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். 1938-இல் தங்களுக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையமும் வைத்துக்கொண்டார்கள். 2008-க்குப் பிறகு அங்கே இலைத்துரு நோய் கடுமையாக வந்தது. அந்த நிலையம் உண்டாக்கிய நோய் தாங்கும் செடிகளை நாடு முழுவதும் மாற்றி நட்டார்கள்.

மெக்சிகோவும் ஸ்பானிய மொழி பேசும் நாடு. அதன் தெற்கே ஓஹாகா மாநிலத்தில் பழங்குடி மக்கள் காபி பயிரிடுகிறார்கள். இடைத்தரகருக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கொயோட்டே’. அது நம் ஊர் நரியைப் போன்ற விலங்கு. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 1983-இல் அந்தப் பழங்குடிக் கிராமங்கள் சேர்ந்து ‘உசிரி’ என்ற சங்கத்தை அமைத்தன. ஒரு டச்சுப் பாதிரியார் அவர்களுடன் இருந்தார். நன்கொடை வேண்டாம், நியாயமான விலை கொடுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. 1988-இல் நெதர்லாந்து நாட்டுக் கடைகளில் ஒரு முத்திரையோடு காபி விற்பனைக்கு வந்தது. இது சிறு விவசாயிகள் சங்கத்தில் இருந்து நியாய விலைக்கு வாங்கியது என்பது அந்த முத்திரையின் பொருள். இன்று பல நாடுகளில் நியாய வணிக முத்திரை இருக்கிறது. தேயிலை, வாழைப்பழம், பருத்திக்கும் கூட உண்டு.

ஏமனில் இருந்து நம் மலைக்கு விதை வந்த கதையைப் பார்த்தோம். இப்போது ஒரு புதுமை கேளுங்கள். 2007-இல் நம் காபி வாரியம் ஒரு புதிய அராபிகா வகையை வெளியிட்டது. இலைத்துரு நோயைத் தாங்கக் கூடியது. அதன் முன்னோரில் ஒன்று ஸ்பானிய மொழி பேசும் கோஸ்டா ரிக்கா நாட்டில் கண்டெடுத்த குட்டைச் செடி. மற்றொன்று திமோர் தீவில் தானாகக் கலந்து முளைத்த செடி. அந்தப் புதிய வகைக்கு வாரியம் வைத்த பெயர் சந்திரகிரி. பாபா புடன் விதை நட்ட மலையின் பெயர்.

அரக்கு மலையில்

நம் நாட்டில் அப்படிச் சங்கம் உண்டா? உண்டு. ஆந்திராவில் விசாகப்பட்டினத்துக்கு வடமேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலை இருக்கிறது. அங்கே அரக்குப் பள்ளத்தாக்கு. மக்கள் பழங்குடியினர். முன்பு அவர்கள் காட்டின் ஒரு பகுதியை எரித்து, இரண்டு மூன்று ஆண்டு பயிர் செய்துவிட்டு, அடுத்த இடத்துக்குப் போவார்கள். அதற்குப் பதிலாகக் காபி நடும்படி அரசு ஊக்கப்படுத்தியது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓரிரு ஏக்கர். காபி வளர்ந்தது. விலை வளரவில்லை. வீட்டு முற்றத்தில் உலர்த்திய காபியை வாரச் சந்தைக்கு வரும் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்தார்கள்.

2007-இல் அங்கே சிறு, குறு பழங்குடி விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. நாந்தி என்ற தொண்டு நிறுவனம் துணை நின்றது. சங்கம் செய்த முக்கியமான வேலை எளிமையானது. விவசாயி காபியை உலர்த்த வேண்டாம். சிவந்த பழத்தைப் பறித்த அன்றே கொடுத்தால் போதும். தோல் நீக்குவது, கழுவுவது, உலர்த்துவது எல்லாம் பொது நிலையத்தில் நடக்கும். பச்சைக் காய் கலந்திருந்தால் ஏற்க மாட்டார்கள். முதலில் பலருக்கு இது பிடிக்கவில்லை. ஒரே தடவையில் உருவிவிட்டு வேறு வேலைக்குப் போவதுதான் பழக்கம். பொறுக்கிப் பறித்த பழத்துக்குக் கூடுதல் பணம் கையில் வந்த பிறகு பழக்கம் மாறியது.

காபிச் செடிக்கு மேல் சில்வர் ஓக், பலா, மா முதலிய மரங்கள். மரத்தில் மிளகுக் கொடி. காபி விலை விழுந்த ஆண்டில் மிளகு தாங்கும். இலைச் சருகும் சாணமும் உரம். நிழல் இருந்தால் மண் காயாது, ஊற்று வற்றாது, பறவை தங்கும். நிழலை வெட்டிவிட்டு வெயிலில் காபி நட்டால் சில ஆண்டு விளைச்சல் கூடும். உரமும் மருந்தும் தண்ணீரும் அதைவிடக் கூடும்.

2017-இல் பாரிஸ் நகரில் அரக்கு என்ற பெயரிலேயே காபிக்கடை திறந்தார்கள். 2019-இல் அரக்குக் காபிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது, அந்த மலையில் விளைந்ததற்கு மட்டும்தான் அந்தப் பெயரை வைக்கலாம். குடகு, சிக்கமகளூர், பாபாபுடன்கிரி, வயநாட்டுக் காபிகளுக்கும் அதே ஆண்டு குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டில் நீலகிரியிலும் பழங்குடியினர் 2013-இல் ஆதிமலை என்ற பெயரில் தங்கள் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். தேன், காபி, மிளகு முதலியவற்றை அவர்களே விற்கிறார்கள்.

சங்கம் என்று பலகை மாட்டினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. பணம் தாமதமானால் உறுப்பினர் அடுத்த ஆண்டு வியாபாரியிடம் போவார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. கணக்கை ஒருவரே வைத்துக்கொண்டு, மற்றவர் கையெழுத்து மட்டும் போட்டால் அது சங்கம் ஆகாது. ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவைப் படித்துக் காட்டும்போது எழுந்து கேள்வி கேட்க நாலு பேராவது வேண்டும். நல்ல சங்கங்களிலும் இந்தத் தொல்லை உண்டு.

பரிமாறியவர்களே முதலாளிகள்

காபி விளைப்பவர்கள் மட்டுமல்ல, காபி பரிமாறியவர்களும் சங்கம் வைத்தார்கள். அது தங்கவயலுக்குப் பக்கத்தில், பெங்களூரில்தான் தொடங்கியது.

இந்தியர்களைக் காபி குடிக்கப் பழக்க, 1930-களில் இருந்து ‘இந்தியா காபி ஹவுஸ்’ என்ற கடைகள் நாடெங்கும் திறக்கப்பட்டன. பிறகு காபி வாரியம் அவற்றை நடத்தியது. 1950-களில் அவற்றை மூட வாரியம் முடிவு செய்தது. தொழிலாளர்கள் தெருவுக்கு வரும் நிலை. அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ.கே. கோபாலன் அவர்களிடம் ஒரு யோசனை சொன்னார். கடைகளை நீங்களே எடுத்து நடத்துங்கள் என்றார்.

நேற்று வரை தட்டு ஏந்தியவர்கள். முதலாளி ஆவது எப்படி? கையில் பணம் ஏது? அவர்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்தார்கள். 1957 ஆகஸ்டில் பெங்களூரில் முதல் சங்கம் உருவானது. அதே ஆண்டு அக்டோபரில் டில்லியில் ஒரு காபி ஹவுஸ் திறந்தார்கள். அடுத்த ஆண்டு கேரளத்தில் திருச்சூரில். பிறகு பல மாநிலங்களில். வெள்ளைச் சீருடை, தலையில் விசிறி மடிப்புத் தலைப்பாகை. பரிமாறுபவரும் உறுப்பினர், சமைப்பவரும் உறுப்பினர். இலாபம் அவர்களுக்கே.

எல்லாக் கிளைகளும் நன்றாக நடந்தன என்று சொல்ல முடியாது. சில மூடப்பட்டன. பெங்களூர் மகாத்மா காந்தி சாலையில் இருந்த புகழ்பெற்ற காபி ஹவுஸ் 2009-இல் அந்த இடத்தைக் காலி செய்து, பக்கத்தில் சர்ச் தெருவுக்குப் போனது. இடம் அவர்களுடையதாக இல்லை. ஆனால் பெயரும் தொழிலும் அவர்களுடையதாக இருந்தன. கோப்பைகளை எடுத்துக்கொண்டு இன்னொரு தெருவுக்குப் போக முடிந்தது.

தங்கவயலிலும் இப்படி ஓர் எண்ணம் எழுந்தது. சுரங்கம் மூடிய பிறகு, தொழிலாளர்களாகிய நாங்களே சேர்ந்து நடத்துகிறோம் என்று கேட்டார்கள். வழக்கு நீதிமன்றம் வரை போனது. காரியம் கைகூடவில்லை. காபிக்கடைக்கு அடுப்பும் மேசையும் போதும். சாம்பியன் ரீஃப் சுரங்கமோ மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். தண்ணீரை இறைக்கும் மின்சாரத்துக்கே கோடிக்கணக்கில் பணம் வேண்டும். எந்தத் தொழிலைச் சங்கமாகச் சேர்ந்து நடத்தலாம், எதற்கு அரசின் கை வேண்டும் என்று யோசிக்கும்போது இந்த வேறுபாட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பொட்டலத்தைப் படியுங்கள்

வீட்டில் இருக்கும் காபித்தூள் பொட்டலத்தை எடுங்கள். அதன் மேல் காபி இத்தனை விழுக்காடு, சிக்கரி இத்தனை விழுக்காடு என்று அச்சடித்திருக்கும். சிக்கரி ஒரு செடியின் வேர். அதை வறுத்துப் பொடித்துக் கலக்கிறார்கள். டிக்காஷன் கெட்டியாகவும் கறுப்பாகவும் இறங்கும். விலையும் குறையும். அது கலப்படம் அல்ல, சட்டம் அனுமதிப்பதுதான். ஆனால் கலவையில் காபி குறைந்தது 51 விழுக்காடு இருக்க வேண்டும். எவ்வளவு என்பதைப் பொட்டலத்தில் எழுதவும் வேண்டும்.

இரண்டு பொட்டலங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் காபி 80 விழுக்காடு, சிக்கரி 20. இன்னொன்றில் காபி 53, சிக்கரி 47. அரைக் கிலோ வாங்கினால் ஒவ்வொன்றிலும் எத்தனை கிராம் காபி இருக்கும்? முதலாவதில் 400 கிராம். இரண்டாவதில் 265 கிராம். இப்போது இரண்டின் விலையையும் பார்த்து, எது உண்மையில் மலிவு என்று கணக்கிடுங்கள்.